ஐசக் கேட்ட கேள்வி

...மாநில உரிமை, மாநில உரிமைன்னு காலையிலேர்ந்து பேசுறோம். நடுவுல ஒரு சின்ன கதை சொல்லிக்கிறேன். கசப்பாத்தான் இருக்கும்... பொறுத்துக்குங்க.

அமெரிக்கா விடுதலை வாங்கின புதுசு. மத்திய அரசு ஒரு சட்டம் போட்டுச்சு. அரசாங்கத்தைத் திட்டி எழுதினா, பேசினா... ஜெயில்! வர்ஜீனியா மாநிலம் கொதிச்சுப் போச்சு. "இது அரசியல் சாசனத்துக்கே விரோதம்"னு சட்டசபையில தீர்மானம் போட்டாங்க. இது வரலாறு. இனி வர்ற ஆளுங்க என் கற்பனை.

ஹார்வுட்னு ஒரு சட்டசபை உறுப்பினர். பெரிய புகையிலைத் தோட்டக்காரர். தீர்மானத்துக்குக் கையைத் தூக்கிட்டு ஊர் திரும்பினவர், மறுநாள் மத்தியானம் வீட்ல விருந்து வச்சாரு. கோப்பையைத் தூக்கிக்கிட்டு முழங்குறாரு: "தப்பான சட்டத்தை எதிர்த்துப் பேசுறது மனுஷனோட பிறப்புரிமை!"

மது ஊத்திக்கிட்டு நிக்கிறான் ஐசக். அவரோட அடிமை. ஒரு விருந்தாளி போதையில சீண்டுறாரு: "என்னடா ஐசக், உன் எஜமான் பேச்சு எப்படி?"

"ரொம்ப நல்லா இருக்குங்க... என்னை ஆடுமாடு மாதிரி விக்கலாம்னு ஒரு சட்டம் இருக்குதுங்களே எஜமான்... அதை எதிர்த்து நான் பேசலாமுங்களா?"



அந்தச் சட்டம் யார் போட்டது? மத்திய அரசா? இல்லீங்க... அதே வர்ஜீனியா!

ஹார்வுட் என்ன பண்ணாரு? மறுநாள் காலையில ஐசக்கை தூரத்து ஜார்ஜியாவுக்கு அடிமைங்களை ஓட்டிட்டுப் போற வியாபாரிக்கு வித்துட்டாரு. வாயைத் திறந்ததுக்குத் தண்டனை! அவன் பொண்டாட்டி டைனாவும் அதே வீட்டு அடிமைதான்; அவளை ஓடிப்போய் முகத்தைப் பார்க்கக்கூட விடலே... உள்ளே ராத்திரி தங்கின விருந்தாளிங்களுக்குக் காப்பி ஊத்தணுமே! ஊத்தினா. அப்புறம் அவனை அவ பார்க்கவே இல்லே.

ஹார்வுட் தீர்மானம் தப்பா? இல்லே, நியாயம். நூத்துக்கு நூறு நியாயம்! அதனாலதான் எனக்கு வயிறு எரியுது.

நாம டெல்லியைக் கேட்கிறதும் நியாயம்தான். ஆனா போன மாசம் ஒரு கிராமசபையில, "எங்க தெருவுக்கு மட்டும் ஏன் குடிதண்ணிக் குழாய் வரலே?"ன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. மைக்கைப் பிடுங்கினது யாரு? டெல்லிக்காரனா? சொல்லுங்க... டெல்லிக்காரனா? நம்ம ஆளுங்க! நம்ம தமிழ்ல அதட்டி, உட்கார வச்சாங்க.

நாம வாங்கப்போற உரிமை அந்தப் பொண்ணோட தெரு வரைக்கும் போகலேன்னா... தோழர்களே, நாம ஹார்வுட்டுக்குத்தான் போராடிக்கிட்டு இருக்கோம்!