தொங்கக் கூடாத கயிறு

மாத்தளையிலிருந்து பல்லேபொல போகும் பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு இளம் தம்பதி.

"மூழ்கின கப்பலுக்குள்ள போறவனுக்கு ரெண்டு டோர்ச், ரெண்டு கத்தி வேணும்," என்றான் கணவன்.

"கத்தி எதுக்கு, மீன் வெட்டவா?"

"வலையில சிக்கினா அறுக்கணும் புள்ள. திருகோணமலையில இவ்வளவு நாளும் இரவல் சாமான்லதான் கடலுக்கடியில சுழியோடினேன். இந்த வாட்டி சொந்தமா வாங்கப் போறேன்."

"அப்ப இதையும் கட்டிக்கங்க." அம்மன் கோயில் கயிற்றை எடுத்தாள்.

"உள்ள போறப்ப ஒடம்புல எதுவும் தொங்கக் கூடாது. கம்பியில மாட்டினா வெளிய வர ஏலாது."

அவள் அவன் மணிக்கட்டில் கயிற்றை இறுக்கிக் கட்டி, தொங்கிய நுனிகளைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

"இனி மாட்டாது. வந்துருங்க."