யாரோ வாழ்கிற மாதிரி

மாலை ஆறே கால். மேட்டின் மேல் ஏறும் சாலை, அதன் கடைசியில் ஒரு வீடு. அந்த வீட்டுக்கு அப்புறம் வேறு வீடு இல்லை. விளக்குக் கம்பமும் இல்லை. பின்னறைக் கட்டிலில் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கணவர் பிரஷ் வாங்கப் போயிருக்கிறார்.

மாடிப்படியில் ஒரு பலகை கிறீச்சிடுகிறது.

இரு, அவசரப்படாதே. அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்.

வீட்டை விற்பதானால் ஒரு வருஷம் முன்னாலேயே வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்று சாப்பிடும்போது சொன்னாயே, அதனால்தான் இது நினைவுக்கு வந்தது. என் நண்பனின் சொந்த அக்காவுக்கு நடந்தது.

அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. தெருவிலிருந்து வாசலுக்கு உயரமான கல்படிகள். இறங்கினால் ஏற முடியாது. பல மாதமாக அவள் தெருவில் கால் வைக்கவில்லை. அந்த வீட்டை விற்றால்தான் படி இல்லாத வீடு வாங்க முடியும். அவ்வளவுதான் விஷயம்.

அவள் கணவருக்கு வரைபட அலுவலகத்தில் வேலை. அங்கே அவருக்குப் பட்டப்பெயர் ரசமட்டம், கொத்தனார் மட்டம் பார்க்க வைக்கிற கருவி. யார் வீட்டுக்குப் போனாலும், சுவரில் காலண்டர் இம்மி சாய்ந்திருந்தால் எழுந்து போய் நிமிர்த்திவிட்டு வருவார். அப்படிப்பட்ட மனுஷன்.

தரகர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"அவசரப்படாதீங்க சார். இப்பவே ஆரம்பிங்க, ஒவ்வொரு ரூமா. உங்க போட்டோ, உங்க சாமான் எதுவும் கண்ணுல படக் கூடாது. அதுக்காக மொட்டையாவும் விடாதீங்க. கட்டில் விரிச்சு வைங்க, நாற்காலி போடுங்க, ரெண்டு கப் வைங்க. யாரோ வாழற மாதிரி இருக்கணும். ஆனா நீங்க வாழற மாதிரி இருக்கக் கூடாது."

அக்கா சிரித்தாளாம். "அப்போ யார் வாழற மாதிரிங்க?"

"வரப்போறவங்கம்மா."

ரசமட்டம் மாடிப் பெரிய அறையில் தொடங்கினார். உப்புத்தாள் தேய்த்து, பட்டி பார்த்து, வெள்ளை அடித்தார். கட்டில், ஜன்னல் பக்கம் நாற்காலி, மேஜையில் இரண்டு கப். பிறகு பூட்டிவிட்டார். முடிந்த அறைக்குள் யாரும் போகக் கூடாது, அழுக்கு ஒட்டும். அவர் வைத்த சட்டம்.

சில நாள் கழித்துத் திறந்து பார்த்தார். நாற்காலி ஜன்னலை நோக்கித் திரும்பியிருந்தது. தலையணை நடுவில் குழி. ஒரு கப்பின் அடியில் ஈரம்.

கீழே வந்து அக்காவிடம் சொன்னார், அவரே காரணமும் சொன்னார்.

"காத்து இறங்கினா தலையணை அமுங்கும்."

"காத்துக்குத் தலை இருக்கா?" என்றாள் அக்கா.

நாற்காலியைச் சுவருக்கு இணையாக நிமிர்த்தினார். மறுநாள் மறுபடி ஜன்னலைப் பார்த்திருந்தது. மறுபடி நிமிர்த்தினார். ஒருநாள் அதை நிமிர்த்தாமலேயே பூட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அதைப் பார்த்துத்தான் அக்காவுக்கு முதலில் பயம் வந்தது. அந்த மனுஷன் கோணலை விட்டுவிட்டு வருகிறவர் இல்லை.

அடுத்து மாடிச் சின்ன அறை. அதைப் பூட்டிய அன்றே தலைக்கு மேல் நடை. ஓடவில்லை, அடிக்கவில்லை. வெறுங்காலில் ஒருவர் இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போய், கொஞ்சம் நின்று, திரும்புகிற மாதிரி... மாடிப்படியில் ஒரு வாசனை இறங்கியது. சோப்பு. குளித்துவிட்டுத் தலை துவட்டின ஈரம். அது இவர்கள் வாங்குகிற சோப்பு இல்லை.

"நிறுத்திடலாங்க," என்றாள் அக்கா.

"நிறுத்திட்டு? நீ இந்தக் கட்டில்லயே கிடக்கறதா?"



ஹாலையும் முடித்தார். ஹாலைப் பூட்ட முடியாது, வாசலுக்கு அதுதான் வழி. அதனால் பின்னறையிலிருந்து வாசல்வரை சுவரோரமாகச் செய்தித்தாள் விரித்தார். அதன் மேல்தான் நடப்பது. சொந்த வீட்டில் திருடன் மாதிரி ஓரமாக நடந்தார்கள்.

தரகர் பார்க்க வந்தார். ஹாலில் நின்று "அருமை, அருமை" என்றார். சாவி வாங்கிக்கொண்டு தனியாக மாடிக்குப் போனார். பெரிய அறை திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், மிகப் பணிவாக: "மன்னிக்கணும்... ஆள் இருக்கீங்கன்னு தெரியாது."

இறங்கி வந்தவர் யாரையும் பார்க்கவில்லை. வாசலில் விட்ட செருப்பைக்கூடப் போடாமல் வண்டியை எடுத்தார். அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. சிரிக்காதே. அந்தச் செருப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனது என் நண்பன்தான். தரகர் கதவைத் திறக்கவில்லை. உள்ளிருந்தபடியே, "தூக்கிப் போட்டுடுங்க தம்பி" என்றாராம்.

மறுநாள் காலை ஹாலில் செய்தித்தாள் இல்லை. ஒவ்வொன்றாக மடித்து, ஓரம் பிசகாமல், பின்னறை வாசலில் அடுக்கியிருந்தது. அடுக்கின் மேல் இவர்கள் இரண்டு பேர் செருப்பும்.

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். நான் இல்லை.

அதற்குள் சமையலறையும் முடிந்திருந்தது. மிச்சம் பின்னறை ஒன்றுதான். இரண்டு கட்டில், பெட்டியில் போட்ட போட்டோக்கள், மருந்து, துணி, எல்லாம் அங்கே.

"இன்னிக்கே இதையும் அடிச்சு முடிச்சிடறேன். நாளைக்கு வேற தரகரைக் கூப்பிடலாம். எவனாவது வந்து வாங்கிட்டுப் போகட்டும்," என்றார். பிரஷ்ஷைப் பார்த்தார். முடி கொட்டியிருந்தது. "கடைக்குப் போயிட்டு ஒரே ஓட்டமா வந்துடறேன். நீ உள்ள தாழ் போட்டுக்க."

ஆறே கால். இப்போது அந்தப் பலகைக்கு வருகிறேன்.

படியில் இறங்கியது ஒருவர் இல்லை. ஒரு நடை மெதுவாக, ஒரு நடை அதற்குப் பின்னால். ஹாலில் நாற்காலி இழுபட்டது. மேஜையில் கப் வைக்கும் சத்தம். ஒன்று... இன்னொன்று.

பின்னறையிலிருந்து சமையலறைக்கு ஒரு வழி உண்டு. அங்கே தோட்டத்துக் கதவு. அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து அங்கே போனாள். தாழை நீக்கி இழுத்தாள். கதவு வரவில்லை. புதுப் பெயிண்ட் நிலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அவ்வளவு இடுக்கில்லாமல் அடித்திருந்தார். அவள் பலத்துக்கு அது அசையவே இல்லை. சமையலறை மேடையிலும் இரண்டு கப். இரண்டிலும் ஆவி பறந்தது.

திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். சோப்பு வாசனை கதவின் கீழ் இடுக்கு வழியாக வந்தது.

போன் அடித்தது. கணவர்.

"வந்துட்டேன், படிக்குக் கீழதான் நிக்கறேன். இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு ஏன் ஹாலுக்குப் போன?"

"நான் ரூம்லதாங்க இருக்கேன்."

அவர் மிகவும் தாழ்ந்த குரலில், "ஹால்ல லைட் எரியுது. ஜன்னல் திரைய மாத்தியிருக்காங்க. நீ... நீ கதவைத் திறக்காத," என்றார்.

அக்கா திறக்கவில்லை. பின்னறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டினார்கள். மிருதுவாக, விரல் முட்டியால், பக்கத்து வீட்டுக்காரர் தட்டுவதுபோல்.

இதையெல்லாம் அக்காவே என் நண்பனிடம் சொன்னாள். தான் பதில் சொன்னாளா, என்ன சொன்னாள் என்பதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. கேட்டது ஒரு பெண் குரல். கோபம் இல்லை. சங்கடப்பட்டுக்கொண்டு கேட்கிற குரல்.

"ரூமெல்லாம் ரொம்ப அழகாப் பண்ணி வெச்சிருக்கீங்க, எங்களுக்குப் பிடிச்சிருக்கு... நீங்க எப்பங்க காலி பண்ணுவீங்க?"