மீனுக்கு எந்த பஸ்?

ஜைனப்: "இந்த மீன் அது வீட்டுக்குப் போக எந்த பஸ் ஏறணும், அத்தா?"ன்னு நம்ம முஸ்கான் காய்ச்சல்ல கெடந்தப்ப கேட்டாளே… இன்னைக்கும் ஸ்கூல் விட்டு வந்ததும் கேப்பா. என்ன சொல்லப் போறீங்க?

ஹனீபா: ரெண்டு பஸ் மாறணும்னு சொல்வேன். காலையில நீ குளிக்கப் போனப்ப வாளியத் தூக்கிட்டுப் போய் விட்டுட்டு வந்தேன்ல!

ஜைனப்: பாசிர் ரிஸ் அலையாத்திக் காட்டுலயா?

ஹனீபா: அங்கதான் லா. மரத்து வேரெல்லாம் சேத்துல குத்திட்டு நிக்குது. இவன் சொந்தக்காரன் பூரா அங்கதான் நடந்து திரியுறான்.

ஜைனப்: தேக்கா மார்க்கெட் நண்டுப் பையில ஒளிஞ்சு வந்த பய…

ஹனீபா: ராஜா மாதிரில்ல வச்சிருந்தேன்! வாளி நெறைய தண்ணி ஊத்தி…

ஜைனப்: அதான் தப்பு! சேத்துல நடக்குற மீனுங்க. மூச்சு விட மேல வரணும். பாவம், வழவழன்னு இருந்த வாளியில ஏறி ஏறி வழுக்குச்சு. நான் தண்ணியக் கொறச்சு சேறு போட்டப்புறம்தான் பொழச்சுது.

ஹனீபா: மீனுக்குத் தண்ணி ஊத்துனது ஒரு குத்தமா!

ஜைனப்: கஞ்சியத் தொடாத புள்ள, அது கண்ண உருட்டுறதப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே குடிச்சா…

ஹனீபா: அல்ஹம்துலில்லாஹ். அதுக்காகவே அத வீடு சேக்கணும்னு தோணுச்சு.

ஜைனப்: விட்டதும் என்ன பண்ணுச்சு?

ஹனீபா: அது… துள்ளுச்சு.

ஜைனப்: அப்புறம்?

ஹனீபா: திரும்பிப் பாத்துச்சு.

ஜைனப்: சலாம் சொல்லலையா?

ஹனீபா: கிண்டல் பண்ணாத!

ஜைனப்: புள்ளகிட்டயும் இதையேவா சொல்லப் போறீங்க?

ஹனீபா: … ஜைனப்.

ஜைனப்: ம்?

ஹனீபா: அங்க போய் வாளிய மூடியிருந்த துணிய எடுத்துப் பாத்தா வெறும் சேறு. பஸ்லயே குதிச்சிருச்சு போல. நின்ன பஸ்ஸுக்கே திரும்ப ஓடிப்போய் சீட்டு சீட்டா குனிஞ்சு தேடுனேன். டிரைவர் ஒரு மாதிரி பாக்குறாரு… புள்ள மூஞ்சில எப்படி முழிப்பேன்?

ஜைனப்: "வீட்டுக்குப் போயிருச்சு"ன்னு தைரியமா சொல்லுங்க.

ஹனீபா: மறுபடியும் பொய்யா?

ஜைனப்: பொய் இல்லைங்க. காய்ச்சல் எறங்குனா அத அது எடத்துல விடுறேன்னு நேர்ச்ச வச்சிருந்தேன். நேத்து நீங்க கடைக்குப் போனதும், யாருக்கும் சொல்லாம நானும் ரெண்டு பஸ் மாறிப் போய் விட்டுட்டேன். ஒண்ணு மட்டும்… அது திரும்பியே பாக்கலைங்க.