பாதுகாப்பில் இருந்த பதினாலு மாதம்

திருச்செங்கோடு மலையில் சாமி கும்பிட்டுவிட்டுச் சேலம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒரு அம்மா, கறவை மாட்டுக்குக் கடன் கொடுத்த பைனான்ஸ் ஆபீஸ்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் இரண்டு குரலும் கேட்டது.

“செத்த மனுசனுக்கு எதுக்குங்க சாமி உசுரு இன்சூரன்ஸ்?”

“லோன் பாரத்துல கணவர் பேர் இருந்துச்சும்மா. தெரியாம போட்டுட்டாங்க. அதான் கேன்சல் பண்ணிப் பணம் அனுப்பிட்டமே.”

“கடன் குடுக்கறப்பவே அதுக்குன்னு ஒம்பதாயிரம் புடிச்சீங்க. நாலாயிரந்தானுங்க வந்திருக்குது.”

“பதினாலு மாசம் உங்க வீட்டுக்காரர் உயிருக்குப் பாதுகாப்பு குடுத்திருக்கோம்மா. அதுக்குண்டானதைக் கழிச்சுட்டுத்தான் தருவாங்க.”

“அவரு போயி ஆறு வருசம் ஆச்சுங்க.”

“சிஸ்டத்துல கணக்கு அப்படித்தாம்மா வருது.”

ஈஸ்வரா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை.

“அந்தப் பணத்தை நீங்களே வெச்சுக்கங்க சாமி. பதினாலு மாசம் அவரைப் பத்தரமா எங்க வெச்சிருந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க. இப்பவே வந்து ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயர்றேன்.”