மடியில் வைத்த கைகள்

ஐப்பசி கடைசி வெள்ளி, காலை. தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயா போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண்ணும் அவள் நாத்தனாரும் இருந்தார்கள். நாத்தனார் சொன்னாள்:

“மதினி, எழவு வீட்டுல நீங்க மாரடிக்கக் கூடாது.”

“செத்தது எங்க அக்காடி.”

“தெரியும். புதன்கிழமதானே கேன்சர் மருந்து ஏத்துனாங்க. கண்ணுக்கே தெரியாத கொழுப்பு உருண்டைக்குள்ள அடைச்ச மருந்து, ரத்தத்தோட போயி கட்டியில எறங்கணும். கையால அடிச்சா, தேச்சா, உள்ளங்கையிலயும் கசிஞ்சு தோலப் பொசுக்கிரும்னு டாக்டர் சொன்னாருல்ல?”

“சொன்னாரு.”

“போன தடவ வெறகு ஒடிச்சு உள்ளங்கை உரிஞ்சுச்சு. அடுத்த மருந்தத் தள்ளிப் போட்டாங்க. அதுக்குள்ள கட்டி பெருசாயிருச்சு.”

மதினி சிரித்தாள். “எங்க ஆத்தா செத்தப்ப நான் மெதுவா அடிச்சேன்னு அக்கா ஒரு வருசம் பேசல. இப்ப என்ன சொல்லுவா?”

“கைய மடியில வச்சிக்கிட்டு வாயால அழுவுங்க. ஒங்களுக்கும் சேத்து நான் அடிக்கிறேன்.”

“ஒனக்கும் அவளுக்கும் ஆவாதேடி.”

“ஆவாதுதான். அதுக்கென்ன இப்ப?”

வளைவு திரும்பியதும் தோட்டத்து லய வீடுகளின் பக்கமிருந்து சாவுக்கு அடிக்கும் தப்பு மேளச் சத்தம் கேட்டது. மதினியின் இரு கைகளும் தாமாக நெஞ்சுக்கு உயர்ந்தன. நாத்தனார் அவற்றைப் பிடிக்கவில்லை. மணிக்கட்டுகளுக்கு அடியில் தன் கைகளைத் தாங்கலாகக் கொடுத்து, மெல்ல மடியில் இறக்கி வைத்தாள்.