ஆறாம் தொகுதிக்கான இடம்

முதலில் ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் மேஜைமேல் பிளாஸ்டிக் உறையில் கிடக்கும் அந்தப் புத்தகத்தை யாராவது பிரித்துப் பார்ப்பதாக இருந்தால், நடுப்பக்கத்தைப் பிடித்து ஒரேயடியாக விரித்துவிட வேண்டாம். கெட்டி அட்டைப் புத்தகம் புதிதில் முதுகு விறைப்பாக இருக்கும். முன்னாலிருந்து பத்துப் பக்கம், பின்னாலிருந்து பத்துப் பக்கம் என்று மாற்றி மாற்றி மெல்ல அழுத்திக்கொண்டே நடுவுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் முதுகு பிளந்துவிடும். ஒன்பது வருஷம் காத்திருந்து வந்த புத்தகம். வழக்கு முடிந்ததும் அது யார் கைக்காவது போகத்தானே வேண்டும்.

கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகவே பதில் சொல்கிறேன். வக்கீல் வேண்டாம் என்று காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். பெயர் வெர்னர் ஹாலனென், வயது எழுபத்தொன்று. டுலூத் நகரத்துக்கு வடக்கே முக்கால் மணி நேரம் தள்ளி ஏரிக்கரையில் வீடு. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை, நாயும் வளர்க்கவில்லை. நவம்பரில் பனி விழ ஆரம்பித்தால் ஏப்ரல்வரை என் வீட்டுப் பாதையில் தபால்காரர் தவிர வேறு ஆள் நடமாட்டம் இருக்காது. இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய நிலவரம் அது என்று தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். டெல்மர் ஸ்குபிட்ஸ், இரும்புத் தாது ரயில் ஓட்டியவன். லொரெய்ன் ஓஸ்ட்பி, முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள், விதவை. மூன்றாவது ஆள் நான். மூன்று பேருமே சின்ன வயதில் 'தணல்வீரன்' படக்கதை படித்தவர்கள். தொட்டால் இரும்பு உருகும், மழையில் நனைந்தால் சாதாரண மனிதனாகிவிடும் ஒரு சூரன். மாதம் ஒன்றாக அறுபது இதழ் வந்து நின்றுபோனது. அதை ஒரு பதிப்பகம் தொகுதிக்குப் பத்து இதழ் வீதம் ஆறு கெட்டி அட்டைத் தொகுதிகளாகக் கொண்டுவர ஆரம்பித்தது. டுலூத்தில் ஒரு கடையில் முன்பதிவு செய்ய வரிசையில் நின்றபோதுதான் மூவரும் பழக்கமானோம்.

ஆறு தொகுதிகளின் முதுகையும் அடுத்தடுத்து நிறுத்தினால் தணல்வீரன் நகரத்தின்மேல் பறக்கிற ஒரே படமாகத் தெரியும். முதலில் பாதம், பிறகு அங்கி, கை, தோள். முகம் ஆறாவதில். ஐந்து வந்துவிட்டன. ஆறாவது வரவில்லை. பதிப்பகத்தார் கைக்கு அச்சுமூலங்கள் எதுவும் வந்து சேரவில்லை, பழைய இதழ்களை ஸ்கேன் எடுத்துத்தான் எல்லாவற்றையும் அச்சடித்தார்கள். ஐம்பத்தெட்டாம் இதழில் மட்டும் நல்ல பிரதி ஒன்று எங்கேயும் கிடைக்கவில்லை. வைத்திருப்பவர்கள் இரவல் கொடுத்தால் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பெயர் போட்டு நன்றி சொல்வோம் என்று அறிவித்தார்கள். அந்தப் பக்கத்தில் பெயர் வருவது எங்களைப் போன்றவர்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை. கல்லறைக் கல்லில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டால் அதைத்தான் சொல்வோம்.

தேடும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். கடிதம் எழுதுவதும் பட்டியல் போடுவதும் எனக்குக் கைவந்த கலை. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என் வீட்டில் கூடி, அந்த வாரம் எங்கெங்கே தேடினேன் என்று நான் சொல்ல, மற்ற இருவரும் கேட்பார்கள். லொரெய்ன் உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் சேர்த்துச் சுட்டதைத் தட்டோடு துணியில் சுற்றி எடுத்துவருவாள். டெல்மர் புகைபோட்ட மீன் கொண்டுவருவான். பதிப்பகம் அடுத்த வசந்தம் என்று சொல்லும், பிறகு இலையுதிர்காலம் என்று தள்ளும். நாங்கள் மூவரும் அவர்களைத் திட்டித் தீர்ப்போம். அதில் உள்ள சுகம் உங்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை.

ஒரு கிறிஸ்துமஸுக்கு டெல்மர் மரத்தில் மூன்று கட்டை இழைத்துக்கொண்டு வந்தான். சரியாக ஆறாம் தொகுதியின் கனம், உயரம். அலமாரியில் இடைவெளி அசிங்கமாகத் தெரியக் கூடாதாம். முகம் வர வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு படம் வரைந்திருந்தான். லொரெய்னுடையதில் மஞ்சள் பேருந்து. தன்னுடையதில் ஒரு மீன். என்னுடையதில் என் முகம், கண்ணாடியோடு.

"உன் மூஞ்சிய தெனம் பாத்துக்கிட்டு இரு. வேற யாரு பாக்கப் போறா?" என்றான்.

லொரெய்ன் சிரித்ததில் காப்பி புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். என் வீட்டில் மூன்று பேர் ஒன்றாகச் சிரித்தது அதுதான் முதல்முறை.

இப்போது நீங்கள் காலையிலிருந்து கேட்கும் கேள்விக்கு வருகிறேன். ஆம், என்னிடம் ஐம்பத்தெட்டாம் இதழ் இருந்தது. தேட ஆரம்பித்த நாலாவது மாதமே கிடைத்துவிட்டது. விஸ்கான்சினில் இறந்துபோன ஒருவருடைய பெட்டியில் இருந்தது, மடிப்புக்கூட இல்லாத பிரதி. திங்கட்கிழமை அனுப்பிவிடுவதாகத்தான் இருந்தேன். அதற்கு முந்தைய சனிக்கிழமை பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ஆறாவது வந்ததும் அரிசோனாவில் இருக்கும் மகளிடம் போய்விடப் போவதாக டெல்மர் சொன்னான். குளிர் அவன் நெஞ்சுக்கு ஆகவில்லை.

"இது ஒண்ணுதாம்ப்பா பாக்கி. அது கைக்கு வந்துட்டா மூட்டையக் கட்டிருவேன்."

லொரெய்னும் வீட்டை விற்றுவிட்டுத் தங்கையோடு போய் இருக்கலாம் என்றாள். இருவரும் அதைச் சாதாரணமாகச் சொன்னார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவர்கள் போனபிறகு பாத்திரம் கழுவினேன். திங்கட்கிழமை அஞ்சலகத்துக்குப் போகவில்லை. அடுத்த வாரம் அனுப்பலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அப்படி ஒன்பது வருஷம் போயிற்று.

அந்த இதழில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுமாரான கதை. படம் வரைந்தவர் அவசரத்தில் இருந்திருக்கிறார்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை டெல்மர் தொலைபேசியில் அழைத்தான். மறுநாள் காலை தன் மீன்பிடிக் கொட்டகைக்கு வரச் சொன்னான். ஏரி உறைந்ததும் பனிக்கட்டிமேல் இழுத்து நிறுத்துவானே, அந்தப் பலகைக் கொட்டகை. என் வீட்டிலிருந்து ஏரிமேல் நடந்தால் இருபது நிமிஷம். போனேன். உள்ளே சின்ன அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வெப்பமாக இருந்ததால் டெல்மர் கோட்டைக் கழற்றிக் கதவருகே ஆணியில் மாட்டியிருந்தான். நான் அந்த ஆணிக்குக் கீழே உட்கார்ந்தேன்.

பிஸ்கட் டின் ஒன்றை என் மடியில் வைத்தான். திறந்து பார்த்தேன். ஐம்பத்தெட்டாம் இதழ். ஏதோ ஒரு ஏரிக் குடிசையைக் காலி செய்து விற்றபோது பழைய பத்திரிகைக் கட்டில் கிடைத்ததாம். அவன் முகம் சிவந்து, கண்ணெல்லாம் ஈரமாக இருந்தது.

"ஒம்போது வருஷம் நாயா அலைஞ்ச மனுசன் நீ. எனக்கு ஒரே நாள்ல கெடைக்குது பாரு. கடுப்பா இல்ல?" என்று கேட்டுவிட்டு, "இரு, இன்னொரு சேதியும் இருக்கு" என்றான்.

அப்போதுதான் அவனுக்கு வலி வந்தது. அதற்கு முன்னும் இரண்டு தடவை வந்து பார்த்திருக்கிறேன். நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ளும் மருந்து ஒன்று அவன் கோட்டுப் பையில் எப்போதும் இருக்கும். சில நிமிஷத்தில் சரியாகிவிடும்.

"கோட்டு, வெர்னர்" என்றான்.

"இதோ" என்றேன்.

கோட்டை ஆணியிலிருந்து எடுத்தேன். அதை நான் மறுக்கவில்லை. எடுத்து, மடித்து, டின்னுக்குமேல் என் மடியில் வைத்துக்கொண்டேன். தரை ஈரமாக இருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். நான் கடிகாரம் பார்க்கவில்லை. பனியில் போட்ட துளையில் அவனுடைய தூண்டில் மிதவை இரண்டு தடவை அமிழ்ந்து மேலே வந்தது. அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முதலில் கையை நீட்டினான். பிறகு நீட்டவில்லை. கோபமாகப் பார்க்கவில்லை. எனக்கு ஏதோ ஆகிவிட்டது, அதனால்தான் எழுந்திருக்கவில்லை என்று நினைத்தான்போல. "வெர்னர், ஒனக்கு ஒண்ணும் இல்லியே?" என்றான். அவன் கடைசியாகப் பேசியது அதுதான்.

கோட்டை மறுபடி ஆணியில் மாட்டினேன். டின்னை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். காற்று பலமாக அடித்து, கால்தடத்தையெல்லாம் பனி மூடிவிட்டது. இரண்டு மணிக்கு லொரெய்ன் வந்தாள். டெல்மரைக் காணோமே, போய்ப் பார்க்கலாமா என்றாள். மீன் கடிக்க ஆரம்பித்திருக்கும், விடு என்றேன். நாலு மணிக்கு இருவரும் போனோம். கொட்டகைக் கதவை அவள்தான் திறந்தாள். அது எனக்கு வருத்தம்தான்.

நெஞ்சுவலியில் போனான் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அன்று காலை நீ ஏரிப் பக்கம் போனாயா என்று உங்கள் ஆள் ஒருவர் ஒப்புக்குக் கேட்டார். இல்லை என்றேன். டெல்மரின் மகள் அரிசோனாவிலிருந்து வந்து போனாள். அதன்பின் லொரெய்ன் அடிக்கடி வர ஆரம்பித்தாள். சனிக்கிழமை மட்டுமில்லாமல் புதன்கிழமையும் வந்தாள். தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்றாள். வீட்டை விற்பது பற்றி அவள் மறுபடி பேசவே இல்லை. ஒளிக்காமல் சொன்னால், அந்த வசந்தம் எனக்கு நன்றாகவே கழிந்தது.

அக்டோபரில் ஆறாம் தொகுதி வந்துவிட்டது. முன்னறிவிப்பு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. கடைக்காரர் தொலைபேசியில் சொல்லி, லொரெய்ன் போய் இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐம்பத்தெட்டாம் இதழில் ஒரு பிரதி என் அலமாரியில் இருந்தது, இன்னொன்று அதன் பக்கத்தில் டின்னில் இருந்தது. மூன்றாவது எங்கிருந்து முளைத்தது?

அவள் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினாள். ஐம்பத்தெட்டாம் இதழைத் தேடித் தந்து இந்தத் தொகுதியைச் சாத்தியமாக்கிய வெர்னர் ஹாலனெனுக்கு நன்றி, என்று அச்சாகியிருந்தது.

"உங்கிட்ட இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

அவள் பதிப்பகத்துக்குத் தொலைபேசினாள். அவர்கள் டெல்மரின் கடிதத்தைத் தேடி எடுத்து வாசித்துக் காட்டினார்கள். அந்த வெள்ளிக்கிழமையே அவன் நூலகத்தில் ஒரு பெண்ணிடம் கொடுத்து எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து அனுப்பியிருக்கிறான். பெயரை என் பெயராகப் போடச் சொல்லியிருக்கிறான். அலைந்தவன் வெர்னர், நான் சும்மா தடுக்கி விழுந்தேன், அவ்வளவுதான், என்று எழுதியிருந்தானாம். நாளைக் காலை அவனை என் கொட்டகைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், இதழை அங்கே வைத்து அவனுக்கே கொடுத்துவிடப் போகிறேன், என்றும் எழுதியிருந்தானாம். அவன் சொல்ல வந்த இன்னொரு சேதி அதுதான்.

லொரெய்ன் தொலைபேசியைக் கீழே வைத்தாள். பிறகு முந்தின வாரம் என் வீட்டில் விட்டுப்போயிருந்த தன் தட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருப்பாள். மறுநாள் நீங்கள் என் வீட்டைச் சோதித்து இதழின் இரண்டு பிரதியையும், கூடவே அந்தப் புத்தகத்தையும் எடுத்தீர்கள். டெல்மருடையதை ஏன் எரித்துவிடவில்லை என்று உங்கள் உதவியாளர் ஆச்சரியப்பட்டார். ஐம்பத்தெட்டாம் இதழை எரிப்பதா? காகிதம் மஞ்சளாகாமல் இருக்க அமிலம் இல்லாத அட்டை வைத்து, நல்ல உறையில் போட்டு வைத்திருந்தேன். அவனுடைய பிரதியில் மூலை கொஞ்சம் மழுங்கியிருந்தது. அதையும் நிமிர்த்திவிட்டேன்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். டெல்மர் ஸ்குபிட்ஸைக் கொன்றது நான்தான். மருந்து என் மடியில் இருந்தது, அவன் கேட்டான், நான் கொடுக்கவில்லை. அந்த இதழை அனுப்பியிருந்தால் நாங்கள் ஆளுக்கொரு மூலையில் பிரிந்து கிடந்திருப்போம். சேர்த்து வைத்திருக்கத்தான் பார்த்தேன்.

வழக்கு முடிந்ததும் அந்தப் புத்தகத்தை என் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதானால் வேண்டாம், லொரெய்னிடம் கேளுங்கள், அவள் வாங்காவிட்டால் நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். என் அலமாரியில் அதற்கு இடம் இல்லை. ஐந்தாம் தொகுதிக்குப் பக்கத்தில் டெல்மர் செய்த கட்டை இருக்கிறது. அதை என்னால் எடுக்க முடியாது. நண்பன் ஆசையாகக் கொடுத்ததைத் தூக்கிப் போடுகிற ஆள் நான் இல்லை.