ஒரு வூட்டுக்கு ஒரு பொடவை

பாம்பணையில படுத்துக்கினே மூணு லோகத்தையும் காவல் காக்குற எம்பெருமானே, அரங்கா, இந்த நாக்குல பொய் ஏறாம, இந்தக் கையில கோவம் ஏறாம, நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ பக்கத்துலயே இரு.

இன்னாப்பா, இன்னும் நின்னுக்கினே இருக்க? ஒக்காரு தங்கராசு. பங்காளி வூட்டுல ஒக்கார்றதுக்கு ஒனக்கு யாரு உத்தரவு குடுக்கணும்? தட்ட வெளக்குக்கு முன்னாடி வையி. வெத்தல, பாக்கு, பூ, பழம், தேங்கா. பரவால்ல, மொறையோடதான் வந்திருக்க. பொண்ணு கேட்டு வர்றவங்ககூட இவ்ளோ பழம் கொண்டார மாட்டாங்க. நம்ம வூட்டுக்குத்தான் பொண்ணு கேட்டு யாரும் வர்றதில்லியே.

சரி, தலையக் குனியாத. சும்மா சொன்னேன்.

கொடுவாள ஏன் அப்படிப் பாக்குற? தேங்கா ஒடைக்கத்தான். நீ கொண்டாந்தத பெருமாளுக்கு ஒடைக்காம ஒன்னோட பேசிக்கினு இருந்தா அபசாரம். நல்ல பதம் இது. தினம் காலையில வெளக்கேத்திட்டு, பாசுரம் சொல்லிக்கினே தீட்டுவேன். எதுக்குன்னா கேக்குற? சொல்றேன், சொல்றேன்.

நாளைக்குக் கோர்ட்டுல நான் இன்னா சொல்லணும்னு சொல்லிட்டுப் போவ நீ வந்திருக்கன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் மூஞ்சிய மூடிக்கினு இருந்தாங்க, எனக்கு ஒருத்தரும் அடையாளம் தெரியல. அவ்ளோதான? ஒரே ஒரு வரி. அத சொல்லிட்டா உங்க அக்கா மவன் பிரசாந்துலேர்ந்து அத்தினி பசங்களும் வூட்டுக்குப் போயிடுவாங்க. ஆமா, ஒனக்கு இதுல ஒண்ணுமில்ல. நீ கேசுலயே இல்ல. தெரு நல்லதுக்காக வந்திருக்க. புரியுதுப்பா.

ஆனா அந்த வரிய சொல்றதுக்கு முன்ன, நடந்தத ஒரு தடவ மொதலேர்ந்து மொறையா சொல்லிப் பாத்துக்கறேன். பெரியப்பனுக்கு வயசாச்சு, எங்கனா தப்பினா நீ திருத்து. நீயும் தெருவுல இருந்தவன்தான.

கொரோனா வந்த வருஷம். எம்பொண்ணு கலைமதி பிலிப்பைன்ஸ்ல டாக்டருக்குப் படிச்சிக்கினு இருந்தவ, காலேஜ மூடிட்டாங்கன்னு வந்தா. வண்டியில வந்தவ வூட்டு வாசப்படி ஏறல. நைனா கிட்ட வராதீங்க, நான் நேரா கழனிக்குப் போயி மோட்டார் கொட்டாயில இருந்துக்கறேன்னு கண்ணாடிக்குள்ளேர்ந்தே சொன்னா. தாயில்லாத பொண்ணு. வருஷம் கழிச்சுப் பாக்குறேன், தலையத் தொட்டு ஆசீர்வாதம் பண்ண முடியல. சோத்த வரப்புல வச்சிட்டு நான் தள்ளி வந்து நிப்பேன். அப்புறந்தான் அவ வந்து எடுப்பா. கோயில் தீர்த்தத்தகூடக் கையில வாங்கல. டம்ளர்ல வச்சிட்டுப் போங்க நைனா, பெருமாள் கோச்சிக்க மாட்டாருன்னா.

அப்புறம் அந்தக் கை கழுவுறது. அவளோட படிக்கிற பசங்க, ஒரு நேபாளத்துப் பொண்ணு, ஒரு நைஜீரியாக்காரப் பையன், ஆந்திராக்காரங்க ரெண்டு பேரு, அவங்கவங்க எடத்துலேர்ந்து போன்ல ஒண்ணா சேந்து பேசுவாங்க. வெளிய போனியா, வந்து கை கழுவினியா, வெரல் சந்துல தேச்சியான்னு ஒருத்தர ஒருத்தர் மெரட்டிக்குவாங்க. பொறந்தநாள் பாட்டு பாடி முடிக்கிற நேரம் கழுவணுமாம். எம்பொண்ணு இன்னா சொன்னா தெரியுமா? பொறந்தநாள் பாட்டு எதுக்கு, எங்க நைனா பாடுற பாசுரம் ஒண்ணு இருக்குது, நேரம் சரியா வரும்னு அவங்களுக்குக் கத்துக் குடுத்துட்டா. அந்த நைஜீரியாக்காரப் பையன் ழகரத்த வெல்லப்பாகு மாதிரி மென்னு மென்னு பாடுவான். நான் வரப்புல நின்னு கேட்டுட்டு வாய்விட்டு சிரிச்சிருக்கேன். எம்பெருமான் பேரு சோப்பு நொரையில ஏறிக் கடல் தாண்டிப் போவுதேன்னு கண்ணுல தண்ணியும் வந்துது.

அந்த நொரைதான் வினையா வந்துது.

அவ கை கழுவுற தொட்டித் தண்ணி வாய்க்கால்ல எறங்கி ஒன் மல்லாட்டக் கொல்லைக்குத்தான பாயுது? நொர வருதுன்னு மொதல்ல சொன்னது நீதான். நோயக் கழுவி எங்க நெலத்துக்கு அனுப்புறாளேன்ன. சோப்புதாம்பா நோயக் கொல்லுதுன்னேன். ஒடம்புல ஒண்ணுமில்லாதவ எதுக்கு இத்தினி தடவ கழுவணும்னு திருப்பிக் கேட்ட. கழுவாதவன் எல்லாம் சுத்தம், கழுவுறவதான் நோய்க்காரின்னு தெரு முடிவு பண்ணிட்டுது.

டெஸ்டுல ஒண்ணுமில்லன்னு வந்துது. தனியா இருக்க வேண்டிய நாளும் தீந்துது. அப்பவும் தெரு அவள உள்ள விடல. சரி நைனா, இங்கயே இருக்கேன்னுட்டா. சும்மா இருந்தாளா? அவங்கம்மா அமிர்தவல்லி விட்டுட்டுப் போன பொடவைங்கள எடுத்தாரச் சொன்னா. கொதிக்கிற தண்ணியில முக்கி, வெயில்ல ஒணத்தி, கையாலயே மாஸ்க் தைச்சா. அப்ப கூட்ரோட்டுல மாஸ்க் இல்லாதவன் முட்டியில லத்தி விழுந்துக்கினு இருந்த நேரம்.

ஒரு வூட்டுக்கு ஒரு பொடவை. எல்லாத்தையும் கலந்து தைச்சா இன்னாம்மான்னேன். கொழாயடியில எல்லாரும் ஒண்ணாத் தொவைச்சு ஒரே கயித்துல காயப் போடுவாங்க நைனா, ஒரு வூட்டு மாஸ்க் இன்னொரு வூட்டு மூஞ்சிக்குப் போவக் கூடாது, கலரப் பாத்தே எடுத்துக்கணும்னா. பச்சமுத்து வூட்டுக்குப் பச்சச் சுங்குடி. நெடுமாறன் வூட்டுக்கு ஊதாப்பூ போட்டது. நாந்தான் வூடு வூடா வாசல்ல வச்சிட்டு வந்தேன். நோய்க்காரி தைச்சதுன்னு ஒருத்தரும் தூக்கி எறியல. லத்தி பயம் நோய் பயத்த ஜெயிச்சிடுச்சி.

அதுக்கப்புறம் உங்கம்மா பவுனம்மாளுக்குக் காய்ச்சல் வந்துது. வாய்க்கால்ல கால் கழுவினாங்களாம். ஆம்புலன்ஸ்ல தூக்கிப் போட்டுக்கினு போனாங்க. அன்னிக்கே உச்சி வெயில்ல, ராஜகிரி மலைப் பாறையப் பாத்தா கண்ணு கூசுற நேரத்துல, வந்தாங்க.

வந்தாங்கன்னுதான சொன்னேன். வந்தீங்கன்னு சொல்லலியே.

மொதல்ல கல்லு. அப்புறம் எங்க நாய். மம்முட்டியால கழுத்துல ஒரே போடு, கொலைக்கக்கூட அதுக்கு நேரம் குடுக்கல. நான் குறுக்க விழுந்தேன். கடப்பாரையால இடுப்புல ஒண்ணு, வாயில ஒண்ணு. இந்தப் பக்கம் பல்லு இல்ல பாரு, பாசுரம் சொல்லும்போது காத்துதான் போவுது. கீழ கெடந்தவன் கழுத்துலேர்ந்து துளசி மாலைய அறுத்து ஒருத்தன் குதிகால்ல தேச்சான். மாலையில இன்னாப்பா நோய் இருந்துது?

கொட்டாய் மேல சீமெண்ணய ஊத்திப் பத்த வச்சாங்க. எம்பொண்ணு வெளிய வந்தா. கூரை எரியும்போதும் பழக்கம் விடல பாரு. சானிடைசர ரெண்டு கையிலயும் ஊத்தித் தேச்சுக்கினு, மாஸ்க்க மூக்கு மேல ஏத்தி விட்டுக்கினு வந்தா. அடிக்க வந்தவங்களுக்கும் தன்னால ஒண்ணும் ஒட்டிக்கக் கூடாதுன்னு. தள்ளியே நின்னு, ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டா. அண்ணே, எனக்கு ஒண்ணுமில்லண்ணேன்னா.

முன்னாடி பந்தம் புடிச்சிக்கினு ஒருத்தன் நின்னான். போடி உள்ளன்னு பந்தத்த அவ மூஞ்சிக்கு நேரா நீட்டினான். அவ கும்பிட்ட கையத் தூக்கித் தடுத்தா.

சானிடைசர்ல இருக்குறது சாராயந்தான. புடிச்சிக்கிச்சி. அந்த நெருப்பு வெயில்ல கண்ணுக்கே தெரியாது தங்கராசு. நாப்பது வருஷமா பெருமாள் முன்னாடி கற்பூரம் ஏத்தினவன் நான், எனக்கே தெரியல. கைய ஏன் இப்படி ஒதறுறான்னு அவன் சிரிச்சான். அந்த சிரிப்பு என் காதுல இருக்குது. அப்புறம் துப்பட்டா புடிச்சிது. நைலான் துணி, உருகி வெரலோட வெரலா ஒட்டிக்கிச்சி. கும்பிட்ட கை கும்பிட்டபடியே எரிஞ்சிது.

மறுநாள் உங்கம்மாவுக்கு டெஸ்டு வந்துது. கொரோனா இல்ல. சாதாக் காய்ச்சல்.

கலைமதியா? உள்ள ரூம்லதான் இருக்கா. கேட்டுக்கினுதான் இருப்பா. ஆஸ்பத்திரியில வெரலப் பிரிச்சு விட்டாங்க, மறுபடி மடங்கிப் போச்சு. ஊசியப் புடிக்க முடியாத கைக்கு டாக்டர் படிப்பு எதுக்கு நைனான்னு காலேஜ விட்டுட்டா. இப்ப அவ கைய நாந்தான் கழுவி விடறேன். வெரல் சந்துல தேச்சு, பாசுரம் பாடி முடிக்கிற நேரம்.

போலீசு போன் வீடியோவ வச்சி நாலஞ்சு பசங்க பேர எழுதினாங்க. பந்தம் புடிச்சவன் மட்டும் அடையாளம் தெரியாத ஆளு. அன்னிலேர்ந்து அவனுக்காகத்தான் இத தீட்டினேன். யாருன்னு எனக்குத் தெரியும். வெட்டணும்னுதான் ஒவ்வொரு நாளும் எடுப்பேன். தீட்டி முடியறப்ப பாசுரமும் முடியும். பாசுரம் முடிஞ்சா கை தன்னால கும்பிட்டுடும். கும்பிட்ட கையில கொடுவா நிக்காதுப்பா. அவன் இன்னிக்கும் மல்லாட்ட வெதைக்கிறான்னா அது அவன் தெறமை இல்ல, எம்பெருமானோட தயவு.

ம். ஒடைஞ்சிடுச்சி. சரிபாதி, அழுவல் இல்ல. நல்ல தேங்காதான் வாங்கியாந்திருக்க.

அடையாளம் எப்படித் தெரியும்னு ஜட்ஜம்மா கேப்பாங்கல்ல? அரக்குச் செவப்பு, மஞ்சக் கரை. பந்தம் புடிச்சவன் மூஞ்சியில இருந்தது அந்தத் துணி. நான் அமிர்தவல்லிக்குத் தாலி கட்டினப்ப அவ கட்டியிருந்த கூரைப்பொடவ. இதப் போயி வெட்டணுமாம்மான்னு கேட்டேன். சொந்தப் பங்காளி நைனா, தங்கராசு அண்ணன் வூட்டுக்கு இருக்குறதுலயே நல்லதாக் குடுக்கணும்னா. ஒரு வூட்டுக்கு ஒரு பொடவை. அது உங்க வூட்டுக்குத்தான் வந்துது. உங்க வூட்டுல ஆம்பள நீ ஒருத்தன்தான.

எழுந்திரிக்காத. ஒக்காரு. பழம் உருளுது பாரு, எடுத்துத் தட்டுல வையி.

உங்கம்மா சாவறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி அந்தத் துணிய முந்தானையில சுத்திக் கொண்டாந்தாங்க. ஒரு ஓரம் பொசுங்கிக் கெடந்துது. கலைமதி கைய எடுத்துத் தன் மூஞ்சியில வச்சிக்கினு அழுதாங்க, எழுந்து போயிட்டாங்க. கண்ணால தேடாத, இங்க இல்ல. காலையிலயே நம்ம கேச நடத்துற வக்கீலம்மா ஷோபனா கையில சேத்துட்டேன். நாளைக்கு நீ கேட்ட வரிய நான் சொல்ல மாட்டேன். நீ வந்து சொல்லணும்னு இருந்தா, அங்க சொல்லு. கோர்ட்டு கதவு ஒனக்கும் தொறந்துதான் இருக்கும்.

போறப்ப வெறுங்கையோட போவாத. தீர்த்தம் வாங்கிக்கினு போ. வலது கைய நீட்டு. நல்லா குழிச்சு நீட்டுப்பா, கீழ போவுது. ஒனக்குக் குழியுது பாரு. எம்பொண்ணுக்கு ஸ்பூன்லதான் ஊத்தறேன்.

இந்த வார்த்தையக் காதால கேட்டவன் யாரா இருந்தாலும், அவன் கையில நெருப்புப் படாம, அவன் வாயில பொய் தங்காம, அவன் பெத்தது அவன் கண்ணு முன்ன கருகாம, எம்பெருமான் காப்பாத்தட்டும். நீண்ட ஆயுசோட, ரெண்டு கையோட, நல்லா இரு தங்கராசு.